இளையாள் எந்த வகுப்பில் படிக்கிறாள்?

'தீபன்' படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் அகதி முகாமுக்குள் பரபரவென்று நடக்கிறாள். எதிர்ப்படுகிறவர்களிடம் பிள்ளை கேட்கிறாள். தொலைத்த பிள்ளையைத் தேடுகிறாள் போல என்றுதான் முதலில் நினைப்போம். அப்படி இல்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். 9 வயதுச் சிறுமி ஒருத்தி கிடைக்கிறாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே ஒரு ஆள் இருக்கிறான், புலிகளின் சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவன். செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகள் மூன்று பேர் கைக்கும் வருகின்றன. அப்பா, அம்மா, மகள். அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கூட இராத மூன்று பேர் குடும்பமாகக் கப்பலேறுகிறார்கள்.

ழாக் ஓதியார் இயக்கிய இந்தப் படம் 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. பிரெஞ்சுப் படம்தான், ஆனால் பெரும்பகுதி வசனம் தமிழ். தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. யாழினியாகச் சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன். இளையாள் என்ற அந்தச் சிறுமியாகக் க்ளாடின் வினாசித்தம்பி. படத்தைப் பற்றித் தமிழில் நான் வாசித்தவை பெரும்பாலும் ஷோபாசக்தியைப் பற்றி, அவர் அரசியலைப் பற்றி, இயக்கத்தைப் படம் எப்படிக் காட்டியது என்பதைப் பற்றி. அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு பத்திக்கு மேல் எழுதி நான் பார்க்கவில்லை. தமிழில் ஒரு குழந்தை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேருவதைக் கண்ணெதிரே காட்டிய படைப்பு என்று எனக்குத் தெரிந்து முதலில் நிற்பது இதுதான். அதுவும் ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்தது.

இதை நான் மதுரையில் உட்கார்ந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. என் வயதுக்காரர்கள், என்னோடு பொறியியல் படித்தவர்கள், முன்பு போனது அமெரிக்காவுக்கு. கல்யாணத்துக்கு முன்னால், தனியாக. இப்போது போகிறவர்கள் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போகிறார்கள். 35 வயதுக்கு மேல், ஒன்றோ இரண்டோ பிள்ளைகளோடு. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "பிள்ளைகளுக்காகத்தான்டா மாப்ள." இந்தப் பதிலை நான் சந்தேகப்படவில்லை. இதைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைத்தான் கவனிக்கிறேன். நம் இலக்கியமும் திரும்பிப் பார்த்ததில்லை.

*

கடல் கடந்த கதை என்றால் மதுரைக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வருவது ப.சிங்காரம்தான். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், மதுரையில் படித்தவர், 18 வயதில் சுமத்ரா தீவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். மதுரை 'தினத்தந்தி'யில் 40 ஆண்டு வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. 1997இல் இறக்கும்வரை தனி ஆள். மெடானில் அவர் கட்டிக்கொண்ட மனைவி பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோனதை அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் வரும் மெடான், தமிழ் ஆண்களின் மெடான். வட்டிக்கடைகள் இருக்கும் தெருக்கள், கிட்டங்கிகள், மேலாட்கள், அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள். செட்டிநாட்டு முறைப்படி மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள், கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வருவார்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில். இதை நாம் வழக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால் அது மிகவும் கணக்காகக் கட்டப்பட்ட ஓர் ஏற்பாடு. பணம் அங்கே பெருகலாம், பிள்ளை அங்கே வளரக் கூடாது. பிள்ளை அங்கே வளர்ந்தால் ஊர் என்பது ஊராக இருக்காது என்று அந்தச் சமூகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நாவலின் புகழ்பெற்ற பகுதி பாண்டியன் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு மதுரையை நினைப்பது. தெருத்தெருவாக, கடை கடையாக. அதை வாசித்துவிட்டு மாசி வீதிகளில் நடந்தால் நாம் பார்க்கிற மதுரைக்கு அடியில் இன்னொரு மதுரை தெரியும். தமிழில் ஊர் நினைப்பு அந்த உச்சிக்கு வேறெங்கும் போனதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது ஏன் அப்படிப் பொங்குகிறது? குறுக்கே கேள்வி கேட்க ஆள் இல்லை. நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே தெருக்கள் தெரியும். பாண்டியன் எதிரே 7 வயது மகன் ஒருவன் உட்கார்ந்து "அப்பா, தெற்கு மாசி வீதின்னா என்ன?" என்று கேட்டிருந்தால் அந்தப் பக்கங்கள் அப்படியே நின்றுபோயிருக்கும். தகப்பன் அந்தத் தெருவை விளக்க வேண்டியிருக்கும். விளக்க ஆரம்பித்த தெரு நினைவில் இருந்த தெருவாக இருக்காது.

ஊர் ஏக்கம் பெரியவர்களின் சொத்து. 6 வயதில் விமானம் ஏறிய பிள்ளைக்கு ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? ஒரு பாட்டி, ஒரு நாய்க்குட்டி, மாடிப்படியில் ஒரு இடம். நம் புலம்பெயர் எழுத்து முழுக்க ஏக்கத்தின் மேலேயே கட்டப்பட்டிருப்பதால் அதற்குள் குழந்தைக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

*

குடும்பத்தோடு ஐரோப்பா போகிற தமிழன் முதலில் முட்டிக்கொள்வது மொழியில் இல்லை, பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்துதான். முத்துக்குமாரின் மகன் செந்தில், செந்திலின் மகள் மீரா என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். ஆகவே தகப்பன் செந்தில் முத்துக்குமார் ஆகிறான், மகள் மீரா செந்தில் ஆகிறாள், மனைவிக்குப் பின்னால் அவளுடைய அப்பா பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பப் பெயர்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் புரட்டுகிறார், மூன்று முகத்தையும் பார்க்கிறார். அவர் முறைப்படி இவர்கள் மூவரும் வேற்று ஆட்கள். ஆகவே மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை, அதற்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு, திருமணப் பதிவுச் சான்று என்று ஒரு ஃபைலைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மெய்யான குடும்பம் தன்னை மெய் என்று காட்ட இத்தனை காகிதம் சுமக்கிறது. தீபன் குடும்பத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. காகிதப்படி அவர்கள் குடும்பம்தான், ஆட்கள்தான் வேறு.

இந்தக் கேலிக்கூத்தைப் படம் அதன் எல்லைவரை கொண்டுபோகிறது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். மதுரையில் ஒரு பிள்ளை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அப்பத்தா, அம்மாச்சி, சித்தப்பா, மாமா, எதிர்வீட்டு அக்கா, பால்காரர் என்று பத்துப் பேர் கைக்குள் அது வளர்கிறது. விசா விண்ணப்பத்தில் அந்தப் பத்துப் பேருக்கும் கட்டம் கிடையாது. கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை. பெரும்பாலும் அவ்வளவுதான் குடும்பம். விமானத்தில் ஏறும்போது ஏழெட்டுப் பேரின் உறவு கழிக்கப்பட்டு மூன்று பேர் மிஞ்சுகிறார்கள். இந்த மூன்று பேர் இதற்கு முன் மூன்று பேராக மட்டும் இருந்ததே இல்லை. குளிர்காலத்தில் மாலை நான்கரைக்கு இருட்டிவிடுகிற ஒரு ஊரில், இரண்டு அறை வீட்டில், முதல் முறையாக அப்படி இருந்து பார்க்கிறார்கள். தீபனும் யாழினியும் இளையாளும் அந்தக் குடியிருப்பில் முதல் இரவு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

*

படத்தின் முதல் ஒரு மணி நேரம் அற்புதமானது. பாரிஸுக்கு வெளியே கஞ்சா வியாபாரக் கும்பல்கள் ஆளும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. தீபனுக்குக் காவல்காரன், துப்புரவுக்காரன், பழுது பார்ப்பவன் எல்லாம் சேர்ந்த வேலை. யாழினிக்கு ஒரு நோயாளி முதியவர் வீட்டில் சமையல். இளையாளுக்குப் பள்ளிக்கூடம், பிரெஞ்சு தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கான தனி வகுப்பில்.

மூன்று பேரில் யாருடைய வேலை கடினமானது? தீபன் தபால்பெட்டிகளைத் துடைக்கிறான், லிஃப்டைச் சரிசெய்கிறான். அதற்குச் சைகை போதும். யாழினி சோறும் குழம்பும் ஆக்குகிறாள். அதற்கும் மொழி வேண்டாம். இளையாள் மட்டும்தான் அந்த நாட்டின் நடுவே நிறுத்தப்படுகிறாள். விளையாட்டு மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் கை நீட்டிவிடுகிறாள். வீட்டிலோ, அம்மாவாக நடிக்க வேண்டியவளுக்கு அம்மாவாக இருக்கத் தெரியவில்லை, இருக்கவும் விருப்பமில்லை. யாழினியின் மனம் முழுக்க லண்டனில் இருக்கிற சொந்தக்காரியிடம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் இளையாள் அவளிடம் கேட்கிறாள், உனக்குத் தம்பி தங்கை இருந்தார்களா, அவர்களிடம் அன்பாக இருந்தாயா, அப்படியே என்னிடமும் இரு என்று. நடிப்பை இயக்குகிறவள் அந்த வீட்டில் அந்தச் சிறுமிதான். நாம் எடுக்கிற படமாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் வாசித்திருப்போம். ஓதியார் சும்மா விட்டுவிடுகிறார்.

அப்புறம் மொழி. மற்ற இருவருக்கும் முன்னால் அவளுக்குப் பிரெஞ்சு வந்துவிடுகிறது. பெரியவர்கள் வாய் திறக்க வேண்டிய இடத்தில் அவள் வாய் திறக்கிறாள். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், "பிள்ளைகள் டக்குனு பிடிச்சுக்கும்" என்று. ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற நண்பன் ஒருவன் இதையே வேறு மாதிரி சொன்னான். "ஸ்கூல்ல இருந்து லெட்டர் வந்தா நான் போன்ல படம் புடிச்சு, மொழிபெயர்த்து, அர மணி நேரம் பாக்குறேன் மாப்ள. அவ நின்ன வாக்குல எட்டிப் பாத்துட்டு, 'ஒண்ணுமில்லப்பா, டூருக்குக் காசு'ங்குறா. கரெக்டாத்தான் இருக்கும். ஆனா எனக்கு வந்த லெட்டர எம் புள்ள எனக்குச் சுருக்கிச் சொல்லுது. எத விட்டுட்டுச் சொல்லுதுன்னு எனக்கு எப்புடிடா தெரியும்?"

விட்டுச் சொல்வதற்கு அங்கே பெரிய விஷயங்கள் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்பு. பல்கலைக்கழகப் பாதை ஒரு பள்ளி, தொழில் கல்விப் பாதை வேறு பள்ளி. நெதர்லாந்தில் 12 வயது வாக்கில் இதே போன்ற பிரிப்பு. பிறகு மாறுவதற்கு வழிகள் உண்டு, கதவு அடியோடு சாத்தப்படுவதில்லை. ஆனாலும் 8 வயதில் போய் இறங்குகிற பிள்ளைக்கு, ஒரு சொல் தெரியாத மொழியில், இரண்டு வருஷம்தான் கையில் இருக்கிறது. மதுரையில் எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடியக்காலையில் போய் நின்றவர்கள் நாம். நான்காம் வகுப்பு ஆசிரியை எழுதுகிற ஒரு பரிந்துரைக்கு அங்கே அவ்வளவு எடை இருக்கிறது என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் நம் ஆட்களுக்குத் தெரியவருகிறது. பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஜெர்மன் சட்டம் அதற்கு இடம் தராது.

இந்த இரண்டு வருஷம் அப்பா என்ன செய்கிறார்? நீல அட்டை வாங்கிப் போனவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். அவர் மனைவிக்கு ஜெர்மன் தேர்விலிருந்து விலக்கு உண்டு. வீட்டில் சாம்பார், இரவில் தமிழ்ப் படம், சனிக்கிழமை ஊரோடு வீடியோ அழைப்பு. நண்பனின் வீட்டுக்குள் அந்த நாடு வருவதே மகளின் புத்தகப் பையில்தான். பாண்டியன் மெடானில் உட்கார்ந்து மதுரையில் வாழ்ந்தது போல அவன் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து காளவாசலில் வாழ முடிகிறது. சிங்காரத்தின் காலத்தைவிட இன்றைக்கு அது எளிது, தொலைபேசி இருக்கிறது. குடும்பத்தில் உண்மையாகவே நாடு மாறுகிற ஆள் ஒருவர்தான், அந்தப் பிள்ளை. பிள்ளைகளுக்காகப் போகிறோம் என்கிறோம். நமக்காக அது போகிறது என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் 'தீபன்' சொல்வது அதைத்தான்.

சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் விட்டுவிடுகிறது.

*

படத்தின் பிற்பகுதியில் தீபன் குடியிருப்பின் முற்றத்தில் வெள்ளைக் கோடு போடுகிறான். இதற்கு இந்தப் பக்கம் துப்பாக்கி கூடாது, இது சூடு தவிர்ப்பு வலயம் என்கிறான். 2009இல் வன்னியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளேயே குண்டு விழுந்ததை அறிந்த பார்வையாளருக்கு அந்தக் கோடு வயிற்றைக் கலக்கும். அருமையான படிமம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டோடு படம் ஆண்பிள்ளையின் படமாகிவிடுகிறது. கத்தியை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்ச் சுட்டுத் தள்ளி யாழினியை மீட்கிறான். அடுத்து வெயில் அடிக்கிற இங்கிலாந்து, தோட்டம், கைக்குழந்தை.

முடிவைப் பலரும் திட்டியிருக்கிறார்கள், அது கனவா நிஜமா என்று வாதாடியிருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. இளையாள் எங்கே போனாள் என்பதுதான் என் கேள்வி. பிரெஞ்சுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போராடியவள். அந்த வீட்டுக்கு வாயாக இருந்தவள். இங்கிலாந்து என்றால் அவளுக்கு மூன்றாவது மொழி, இரண்டாவது பள்ளி, மறுபடியும் மைதானத்தின் ஓரம். அங்கே அவளை எந்த வகுப்பில் சேர்த்தார்கள்? படம் கேட்கவே இல்லை. அந்தக் குடும்பம் பிரான்சுக்குள் நுழைய ஒரு பிள்ளை தேவைப்பட்டது போல, ஓதியாருக்கும் அந்த வீட்டுக்குள் நுழைய ஒரு பிள்ளை தேவைப்பட்டிருக்கிறது. நுழைந்த பிறகு அவருக்குத் துப்பாக்கி கிடைத்துவிட்டது.

இதற்கு நேர் எதிரில் நிற்கிற படம் 'மிசஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே'. 2023இல் வந்தது. ஐரோப்பா போகிற குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் இன்னும் இதன் துண்டுக் காட்சிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எச்சரிக்கை அறிவிப்பு மாதிரி. 2011இல் நார்வேயின் ஸ்டாவங்கரில் ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு குழந்தைகளைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டு போனது. இரு நாட்டு அரசுகளும் பேசும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. கடைசியில் 2013இல் தாய் சாகரிகா சக்ரவர்த்தி கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாகப் பிள்ளைகளைத் திரும்பப் பெற்றார். அவர் எழுதிய நூலை வைத்து எடுத்த படம். கையால் ஊட்டுவதும் ஒரே படுக்கையில் பிள்ளையோடு படுப்பதும் அங்கே குறையாக எழுதப்பட்டன என்பது அப்போது செய்திகளில் பரவலாக வந்தது. படம் வெளியானபோது இந்தியாவிலிருந்த நார்வே தூதர் அதை மறுத்துப் பத்திரிகையில் எழுதினார்.

ராணி முகர்ஜி கத்துகிறார், அழுகிறார், ஓடுகிறார். அந்தத் தாயின் வேதனை உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. விமர்சனமாகச் சொல்ல ஒன்று உண்டு. அந்தப் படத்தில் பிள்ளைகள் பேசும் வயதில் இல்லை, அது படத்துக்கு வசதியாகப் போய்விட்டது. அரசு ஒரு பக்கம் இழுக்கிறது, தாய் ஒரு பக்கம் இழுக்கிறாள், நடுவில் இருப்பது ஒரு பொட்டலம். அதே நாட்டில் 9 வயதுப் பிள்ளை ஒன்று, "எனக்கு இங்கேயே இருக்கப் பிடிச்சிருக்கு" என்று சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்தப் படத்தால் தாங்க முடியாது. நம் ஆட்களின் உண்மையான பயம் அதிகாரி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது இல்லை என்றே நினைக்கிறேன். பிள்ளை தானாகவே, சிரித்துக்கொண்டே, அந்தப் பக்கம் நடந்துபோவது. அதற்கு வில்லன் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது. அதனால்தான் அதைப் படமெடுக்க ஆளில்லை.

ஜும்பா லாஹிரி 2012இல் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் அமெரிக்காவை விட்டு ரோமுக்குக் குடிபெயர்ந்தார், இத்தாலிய மொழியிலேயே எழுதத் தொடங்கினார். 2015இல் வந்த அவருடைய முதல் இத்தாலிய நூல் அந்த மொழி மேல் கொண்ட காதலின் கதை. அகராதி, குறிப்பேடு, சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பது என்று அழகாகத்தான் போகிறது. ஆனால் அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் அதே மொழிக்குள் தள்ளப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் காதலித்துப் போகவில்லை. அவர்கள் புத்தகத்தின் ஓரத்தில் வந்துபோவதோடு சரி. எவ்வளவு கூர்மையான எழுத்தாளர்! அவருக்கே அது கண்ணில் படவில்லை என்றால், இது ஏதோ தமிழனின் குறை மட்டும் இல்லை போலிருக்கிறது.

*

'தீபன்' படத்தின் முகாம் மதுரைக்காரனுக்குத் தூர தேசம் இல்லை. ஆனையூரில், உச்சப்பட்டியில், திருவாதவூரில் இருக்கிறது. 1983க்குப் பின் அலை அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். 2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது; குடியுரிமைச் சிக்கல் பெயரோடு மாறிவிடவில்லை. 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆக, இதே மாவட்டத்திலிருந்து ஐரோப்பாவை நோக்கி இரண்டு வரிசைகள். ஒன்று சென்னையில் விசா மையத்தின் ஏசி அறையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றுக்கு டோக்கன் கிடையாது; தரகரும் படகும்தான். இரண்டு வரிசையிலும் பெரியவர்கள் சொல்கிற காரணம் ஒன்றே என்பதைக் கவனித்தால், நம்மவர்கள் தங்களை 'குடியேறி' என்றும் அவர்களை 'அகதி' என்றும் பிரித்துக்கொள்கிற அந்தப் பெருமிதம் கொஞ்சம் கூச வைக்கும்.

இந்த இரண்டு வரிசையும் அங்கே போய் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. எண்பதுகளில் ஈழத்தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் போய் அடைக்கலம் கேட்டார்கள். அந்தத் தலைமுறை ஜெர்மனி முழுக்க வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைக் கட்டியது, தமிழாலயம் என்று பெயர். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் எழுப்பியதுதான். இப்போது நீல அட்டையோடு போகிற மதுரைக்காரர், பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிடுமே என்று பயந்து சனிக்கிழமை அந்தப் பள்ளியில்தான் கொண்டுபோய் விடுகிறார். 40 வருஷத்துக்கு முன் அகதியாகப் போனவர்களின் உழைப்பில் தன் பிள்ளை ஆனா ஆவன்னா எழுதுவதைப் பற்றி அவர் யோசிப்பாரா, தெரியவில்லை. பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அது பாட்டுக்கு "நான் பிறகு கதைக்கிறன்" என்று சொல்லப் பழகிவிடுகிறது. மதுரையில் அப்பத்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏன்டா, புள்ள சினிமாவுல பேசுற மாதிரி பேசுது" என்கிறார்.

நான் வாசிக்க விரும்புகிற நாவல் இங்கே எங்கோ இருக்கிறது. அதை எழுத ஏக்கம் உதவாது. சிங்காரத்தின் கையில் இருந்த அந்தக் கருவியை, தமிழில் அவ்வளவு நன்றாக வேலை செய்த கருவியை, மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுத வேண்டியிருக்கும். ஒரு பெரியவர் பிள்ளையின் தலைக்குள் புகுந்து கொஞ்சு மொழி பேசுவதும் உதவாது. சுருக்கிச் சொல்லப்பட்ட கடிதத்தை அடுத்த அறையிலிருந்து கேட்கிற தகப்பனின் இடத்திலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. பிள்ளை எதை விட்டுவிட்டுச் சொல்கிறது என்று தெரியாத ஒருவரின் இடம் அது. ஒருவேளை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியே பிறகு எழுதலாம், ஜெர்மனில். நாம் அதை மொழிபெயர்ப்பில் வாசிப்போம்.

ஸ்டுட்கார்ட் நண்பன் இன்னொன்றும் சொன்னான். போன முதல் வருஷம் மகளை ஆயத்த வகுப்பில் வைத்திருந்தார்கள். சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு, வயது வித்தியாசமில்லாமல் ஒரே அறை. அதற்கு நம் ஊர்க் கணக்கில் வகுப்பு எண் கிடையாது. வீடியோ அழைப்பில் அப்பத்தா ஒவ்வொரு வாரமும் கேட்பாராம், "எத்தனாவது படிக்கிற தாயி?" அவள் வாயைத் திறப்பதற்குள் இவன் குறுக்கே புகுந்து, "மூணாவதும்மா" என்று சொல்லிவிடுவானாம். மூன்று நான்கு வாரம் இப்படிப் போனது. அடுத்த வாரம் அப்பத்தா கேட்டபோது அவளே சொல்லிவிட்டாள், "மூணாவது அப்பத்தா" என்று. சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாளாம்.